முதலில் கை வைத்தது யார்? மதமும் பலப்பிரயோகமும் பற்றி லிபர்டேரியன்கள்

மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். தனிமனித சுதந்திரமே முதல் என்னும் லிபர்டேரியன்கள் எல்லாரும் நாத்திகர்களா? மதத்தைக் காக்க, மத வழக்கத்தை நிலைநிறுத்தப் பலத்தைப் பயன்படுத்துவதை அவர்கள் ஏற்பார்களா? மூன்றாவது அவர் ஊரில் நடப்பது. ஒரு குடும்பம் சபைக்குப் போகத் தொடங்கியபின் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியைக் கொடுக்க மறுத்துவிட்டது. ஊர் அவர்களை ஒதுக்கி வைத்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அடிதடி வந்தால் யார் பக்கம் நியாயம் என்கிறார். மதுரையில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லிபர்டேரியன் சிந்தனைக்கு அடிமனை ஒரே விதி. பிறர் உடல்மீதோ உடைமைமீதோ யாரும் முதலில் கை வைக்கக் கூடாது. அடிப்பது, பறிப்பது, அடிப்பேன் என்று மிரட்டுவது, ஏமாற்றிப் பிடுங்குவது எல்லாம் இதில் அடக்கம். முதலில் கை வைத்தவனைத் தடுக்கவும், பறித்ததை மீட்கவும் பலத்தைப் பயன்படுத்தலாம். இதே விதி அரசுக்கும் உண்டு என்பதுதான் அவர்களுடைய தனித்தன்மை. சட்டை மாறியதால் செயல் மாறிவிடாது என்பார்கள். அவர்களில் கடுமையானவர்கள் வரியையே கொள்ளை என்று சொல்வார்கள். நம்மவருக்கு இது அப்படியொன்றும் அந்நியமான பேச்சில்லை. 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்ற குறளில் வழிப்பறிக்காரனும் அரசனும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். வள்ளுவர் அதைக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார். எல்லா அரசையும் அவர் அப்படிச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய அதிகாரமான செங்கோன்மையின் கடைசிக் குறளில், கொலைகாரரை வேந்தன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்கிறார். அரசே வேண்டாம் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மரே ராத்பார்டு அந்த வேல் குறளை எல்லா அரசுக்கும் நீட்டியிருப்பார். கொலை, களவு, ஏமாற்று இவற்றைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் அரசு போதும் என்று 1974-ல் எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் இரண்டு குறளையும் ஏற்றிருப்பார்.

இந்த விதிக்குள் கடவுள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் ஆத்திகரும் நாத்திகரும் இதில் சேர்ந்து நிற்க முடிகிறது. நாவலாசிரியர் அயன் ராண்டு கடும் நாத்திகர். பலத்தை முதலில் பயன்படுத்தக் கூடாது என்பதை வலியுறுத்தியவர். ஆனால் லிபர்டேரியன்கள் என்ற கூட்டத்தையே தன்னோடு சேர்க்காதீர்கள் என்றவர். ராத்பார்டுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கத்தோலிக்க அறிஞர் தாமஸ் அக்வினாஸின் இயற்கை நீதிக் கோட்பாட்டின் மேல்தான் தன் வாதத்தைக் கட்டினார். சட்டமே கொள்ளைக்குக் கருவியாவதைப் பற்றி 1850-ல் எழுதிய பிரெடெரிக் பாஸ்டியா, மனிதனின் உயிரும் உரிமையும் கடவுள் தந்தவை என்றுதான் தொடங்குகிறார். டால்ஸ்டாய் இன்னும் ஒரு படி மேலே போனார். மலைப்பிரசங்கத்தை அப்படியே ஏற்றால் தற்காப்புக்குக்கூடக் கை ஓங்க முடியாது, படையும் போலீசும் நீதிமன்றமும் வைத்திருக்கும் அரசை ஏற்கவும் முடியாது என்றார். அவரை வாசித்து உருவான காந்தி, அரசு என்பது செறிந்து அமைப்பாகிவிட்ட வன்முறை என்று 1934-ல் சொன்னார்.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கை இங்கே விட்டுவிட முடியாது. 1689-ல் வெளிவந்த அவருடைய சகிப்பு பற்றிய கடிதத்தின் வாதம் எளிமையானது: நம்பிக்கை உள்ளே பிறப்பது, வாள் வெளியேதான் வேலை செய்யும், ஆகவே ஆட்சியாளன் தண்டனையால் ஒருவனைக் கும்பிட வைக்கலாமே தவிர நம்ப வைக்க முடியாது. அதே லாக், கடவுளை மறுப்பவரின் சத்தியத்தை நம்ப முடியாது என்று சொல்லி நாத்திகருக்கு அந்தச் சகிப்பை மறுத்தார். அவருடைய வாதம் அவரைவிடப் பெரிதாக இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லாக்கின் வாதத்துக்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. கோவாவில் போர்த்துக்கீசிய அரசின் துணையோடு 1560-ல், நம்பிக்கையில் பிசகியவர்களைத் தண்டிக்கும் மத விசாரணை மன்றம் அமைந்தது. அதே கத்தோலிக்க மதத்தைக் கொண்டு இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். இங்கே நாயக்கர் ஆட்சி; அவர் பின்னால் எந்தப் படையும் இல்லை. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் படித்து, வாதாடித்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. சாதிப் பிரிவை அவர் அப்படியே விட்டுவிட்டார் என்ற குறை அவர்மேல் நியாயமாகவே உண்டு. இருந்தாலும் கோவாவுக்கும் மதுரைக்கும் உள்ள வேறுபாடு வேத புத்தகத்தில் இல்லை. மதமாற்றம் பற்றி ஒரு லிபர்டேரியனிடம் கேட்டால், கையில் என்ன இருந்தது, வாளா வாதமா என்றுதான் திருப்பிக் கேட்பான். தமிழ்நாடு 2002-ல் கொண்டுவந்து 2004-ல் கைவிட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை அவன் இப்படித்தான் பார்ப்பான்: பலவந்தமும் மோசடியும் ஏற்கெனவே குற்றம், ஆசை காட்டுவது அத்துமீறல் ஆகாது.

அடுத்தது, எது பலம்? பாதிச் சண்டை இங்கேதான் இருக்கிறது. நம் சட்டத்தில் மதம் சார்ந்த குற்றங்கள், இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 298 முதல் 302 வரையான பிரிவுகளில் இருக்கின்றன. வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது 298. வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது 300. சுடுகாடு, இடுகாட்டில் அத்துமீறுவது 301. மூன்றிலும் ஓர் இடமோ ஒரு கூட்டமோ கைவைப்புக்கு ஆளாகிறது. லிபர்டேரியன் இவற்றை மறுபேச்சில்லாமல் ஏற்பான். 299 வேறு வகை. மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதையும் எழுதுவதையும் தண்டிக்கிற பிரிவு அது. பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ-தான் இது. லாகூரில் ஒரு சிறுநூலை ஒட்டி எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, 1927-ல் வெள்ளைக்கார அரசு சேர்த்தது. காதில் விழும்படி புண்படுத்திப் பேசுவதை 302 தண்டிக்கிறது. இந்த இரண்டையும் லிபர்டேரியன் நிராகரிப்பான். மனம் நோவது உண்மையான நோவுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வாய் இருக்கிறது, விலங்கு தேவையில்லை என்பான். இதில் நான் முழுமையாக அவன் பக்கம். புண்பட்டேன் என்று சொல்கிறவனுக்குச் சிறைக் கதவின் சாவியைக் கொடுத்தால், யார் சீக்கிரம் புண்படுகிறார்களோ அவர்கள் ஆட்சிதான் நடக்கும். ஆத்திகர், பெரியார் வழியினர், இரண்டு தரப்பும் மேடை போட்டுத் திட்டிக்கொண்டு அடுத்த நாள் ஒரே கடையில் டீ குடித்த மதுரையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஒன்றில் மட்டும் ராத்பார்டோடு எனக்கு உடன்பாடில்லை. கூட்டத்தைத் தூண்டிவிடுவதும் வெறும் பேச்சுதான், கையால் செய்தவனை மட்டும் பிடியுங்கள் என்பது அவர் வாதம். கம்போடும் மண்ணெண்ணெயோடும் நிற்கிற கூட்டத்திடம் ஒரு தெருவைக் காட்டி ஏவுகிறவன் பேசிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. லிபர்டேரியன்களிலேயே பலர் இதை மிரட்டலாகத்தான் கணக்கில் வைக்கிறார்கள்.

ஒலிபெருக்கி பற்றி ஒரு சொல். ஆடி மாதப் பாட்டானாலும் தொழுகை அழைப்பானாலும் ஜெபக் கூட்டமானாலும், பாட்டைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் வீட்டுச் சுவரைத் தாண்டி வருகிற சத்தத்தைச் சொல்ல உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு எல்லாச் சாமிக்கும் பொது. கிடாவெட்டும் இதே தர்க்கத்தில் வரும். 1950-ல் இயற்றிய பலித் தடைச் சட்டத்தை 2003-ல் அரசு தூசு தட்டி எடுத்தபோது, பாண்டி கோயிலுக்குக் கிடா நேர்ந்துவிட்டவர்கள் திகைத்துப் போனார்கள். மறு ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. கறிக்கடையில் வெட்டலாம், சாமி முன்னால் வெட்டக் கூடாது என்றால் அங்கே தண்டிக்கப்படுவது கும்பிடுகிற முறை மட்டுமே.

இனி மதுரையை விட்டு நகர முடியாத ஒரு கதை. எண்ணாயிரம் சமணர் இங்கே கழுவேற்றப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. நடந்ததா என்பதில் வரலாற்றாளர்களுக்கு ஐயம் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. கதையை ஒரு வழக்குக் கட்டாக எடுத்துப் பாருங்கள். சம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணர் தீ வைக்கிறார்கள். பாண்டியனுக்கு வெப்புநோய் வருகிறது. வாதம் அனலிலும் புனலிலும் நடக்கிறது; தோற்றால் எங்களைக் கழுவேற்றலாம் என்று சமணர்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள். திருவேடகத்தில் சம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்துப் போகிறது. அரசன் தண்டனையை நிறைவேற்றுகிறான். தாங்களே ஒப்புக்கொண்டார்களே, பிறகு என்ன குற்றம் என்று சைவ நண்பர்கள் கேட்பார்கள். லிபர்டேரியன்கள் இரண்டாகப் பிரியும் இடமும் இதுதான். ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளச் சுதந்திரம் உண்டு என்கிற அளவுக்கு நோசிக் போனார். ராத்பார்டு மறுத்தார்: பொருளைக் கைமாற்றலாம், தன் மனத்தை யாரும் இன்னொருவனுக்குக் கைமாற்ற முடியாது, ஆகவே அப்படிப்பட்ட வாக்கு கடைசி நொடி வரை திரும்பப் பெறத்தக்கது. நான் ராத்பார்டு பக்கம். கழுமரத்தருகே ஒரு சமணர் வேண்டாம் என்று சொன்ன நொடியிலேயே அந்த ஒப்பந்தம் முடிந்துபோகிறது. மடத்துக்குத் தீ வைத்தது தனிக் குற்றம். வைத்த கைகள் சில. கழுவேறியது எண்ணாயிரம்.

கோயில் நுழைவில்தான் இந்தக் கொள்கை திணறுகிறது. உடைமைக்காரன் யாரை உள்ளே விடுவது என்பது அவன் உரிமை என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. அதைக் கோயிலில் பொருத்தினால் என்ன ஆகும்? 1897-ல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனார்கள். அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். தீட்டுக் கழிக்கும் செலவையும் கேட்டார். மதுரையில் தொடங்கிய அந்த வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. கும்பிட வந்தவனை வெளியே நிறுத்த அரசின் கை நீண்டது என்பதே அதன் பொருள். பிறகு 1939 ஜூலை 8 அன்று, மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் சிலரையும் ஒரு நாடாரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அவர்களையும் அனுமதித்த அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காக்க ராஜாஜியின் அரசு அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து சட்டமும் கொண்டுவந்தது. இருபது ஆண்டு கழித்து 1959-ல், எதற்கும் அரசின் அனுமதி கேட்க வைக்கும் பெர்மிட்-லைசென்ஸ் ஆட்சிக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவரும் இதே ராஜாஜிதான். உடைமை உரிமைக்காக அந்த அளவுக்கு நின்றவர், கோயில் கதவு விஷயத்தில் சட்டத்தைக் கொண்டுவரத் தயங்கவில்லை.

முரண்பாடா? எனக்கு அப்படித் தெரியவில்லை. கோயில் யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும். நிலம் மன்னர் கொடுத்தது. மன்னருக்கு அது வந்தது வரியாலும் போராலும். அந்த நிலத்தில் உழுதவர்களும், கல் சுமந்தவர்களும், கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். நோசிக்கின் கோட்பாட்டில் மூன்று படிகள் உண்டு: நியாயமாகச் சம்பாதித்தது, நியாயமாகக் கைமாறியது, முன்பு நடந்த அநியாயத்தைச் சரிசெய்வது. மூன்றாவதை அவர் விரித்துச் சொல்லாமலே விட்டார். நம் நாட்டில் தேவைப்படுவது அந்த மூன்றாவதுதான். ராத்பார்டு இதில் துணிச்சலானவர். பறித்த நிலம் உழைத்தவனுக்கே போக வேண்டும், அரசு தந்த பட்டா அதை மறைக்காது என்று 1969-லேயே எழுதினார். அந்த அளவுகோலை வைத்தால் வைத்தியநாத ஐயரோடு போனவர்கள் யாருடைய வீட்டுக்குள்ளும் அத்துமீறவில்லை. அவர்கள் முன்னோர் உழைப்பும் சேர்ந்து நின்ற இடத்துக்குள் போனார்கள். அவர்களைத் தடுக்க நீண்ட கைதான் முதலில் நீண்ட கை. ஒரு குடும்பம் தன் சொந்தப் பணத்தில், தன் வீட்டு மாடியில் கட்டிய பூஜை அறைக்கு இந்த வாதம் செல்லாது. மாநில அரசு 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பதை லிபர்டேரியன் ஏற்க மாட்டான். ஆனால் அறநிலையத் துறை வெளியேறினால் சாவி யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு அவனிடமிருந்து நல்ல பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. பழைய பூட்டுக்காரர்களிடமே திரும்பிப் போகுமானால், எனக்கு அது விடுதலையாகப் படவில்லை.

இனி உங்கள் ஊர். தலைக்கட்டு வரியில் வரி என்ற சொல் இருந்தாலும், மனம் ஒப்பிக் கொடுக்கும்வரை அது நன்கொடைதான். கூழ், கரகம், சாமியாட்டம், வள்ளித் திருமணம் நாடகம் என்று ஊரே சேர்ந்து செலவு செய்வது அழகான ஏற்பாடு. அரசு இல்லாமலே மனிதர் கூடிக் காரியம் செய்வார்கள் என்பதற்கு லிபர்டேரியன்கள் காட்டவேண்டிய உதாரணம். ஒரு குடும்பம் விலகிய பின்னும் கேட்பதில் குற்றமில்லை. வீட்டுப் பாத்திரத்தையோ மாட்டையோ பிடித்து வைத்தால் அது கொள்ளை.

கொடுக்காததற்காக ஊர் அவர்களோடு பேச்சை நிறுத்தினால்? கல்யாணத்துக்கு அழைக்காவிட்டால், கோயில் முதல் மரியாதையில் பெயரை விட்டுவிட்டால், அவர்கள் கடையில் சாமான் வாங்காவிட்டால்? லிபர்டேரியன் விதிப்படி இது ஊரின் உரிமை. ஒருவரோடு உறவாட மறுப்பது பலப்பிரயோகம் ஆகாது. இந்த வரையில் எனக்கும் சம்மதம், மனக்கசப்போடு. தெருக்குழாய் வேறு. அது ஊராட்சியுடையது, எல்லார் வரிப்பணத்திலும் வந்தது. கண்மாய், ஊருணி, மயானப் பாதை எதுவும் திருவிழாக் கமிட்டியின் சொத்தல்ல. தன்னுடையதல்லாத ஒன்றின் முன்னால் கம்போடு நின்று நீ வராதே என்பவன் முதலில் கை வைத்தவன் ஆகிறான். எத்தனை தலைக்கட்டு அவன் பின்னால் நின்றாலும் அது மாறாது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. புத்தக லிபர்டேரியன்கள் அதைக் காண்பதில்லை. நகரத்தில் ஒரு கடைக்காரன் மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். ஒரே மளிகைக் கடை, ஒரே ஆட்டோ, கூலி வேலை தருகிற இரண்டு மூன்று பேர் என்றிருக்கும் ஊரில், எல்லாரும் ஒரே கூட்டத்தில் கூடி, மீறிப் பேசினால் அபராதம் என்று தீர்மானம் போட்டால், அங்கே மறுப்பது தனித்தனி மனிதர்களின் விருப்பம் என்று சொல்ல முடியாது. அந்த அபராத மிரட்டல் மற்ற குடும்பங்களின் மேலும் விழுகிறது. பேச ஆசைப்படுகிறவனையும் பேசவிடாமல் செய்கிறது. அத்துமீறல் ஒளிந்திருப்பது அங்கேதான். மகாராஷ்டிரம் ஊர்விலக்குக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது சமூகப் புறக்கணிப்பு விதிப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது.

அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சத்தியம் செய்து தகராறுகளைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இரு தரப்பும் மனம் ஒப்பிப் போனால் அதைவிட நல்ல நடுவர் மன்றம் இல்லை. கருப்பரை நம்பாத குடும்பத்தை அங்கே இழுத்துப்போய் நிறுத்துவது மட்டும் கூடாது. உங்கள் ஊர்க் குடும்பத்துக்கு நேரான வழி, குழாய் விஷயத்தை மட்டும் தனியாகப் பிரித்து ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத்தில் கொடுப்பது. அசையாவிட்டால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு. மதப் பேச்சை அந்த மனுவில் சேர்க்க வேண்டாம். தண்ணீர் என்று மட்டும் எழுதுங்கள்.

அடிதடியே வந்துவிட்டால்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. போலீசை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கவும் கூடாது. லிபர்டேரியன்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். மிட்டாய் திருடிய பையனைக் கடைக்காரன் சுட்டுக் கொல்லலாமா என்று கேட்டு, கூடாது என்றார் ராத்பார்டு. பறித்தவன் எந்த அளவுக்குப் பறித்தானோ அந்த அளவுக்குத்தான் அவன் தன் உரிமையை இழக்கிறான். 1963-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னொன்றும் சொன்னார்: தற்காப்பு எவ்வளவு நியாயமானாலும், தாக்கியவனைத் தாண்டி ஒரு நிரபராதியின்மேல் கை விழக் கூடாது.

கண்ணகி கதையில் நாம் மாட்டிக்கொள்கிற இடமும் அதுவே. விசாரிக்காமல் கோவலனை வெட்டச் சொன்னது அரசின் அத்துமீறல். அரசவையில் சிலம்பை உடைத்து அவள் கேட்ட நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. பாண்டியனும் செத்து விழுந்துவிட்டான். ஊரைக் கொளுத்தும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு என்று தீக்கடவுளுக்குச் சொன்னாள். தீயவர் பக்கம் மட்டும் போ என்றாள். இளங்கோவுக்கே அந்த விலக்குப் பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். நம் மதக் கலவரங்களில் அந்தப் பட்டியலும் இருப்பதில்லை. எங்கோ ஒருவன் ஒரு சிலையை உடைத்தான் அல்லது ஒரு சுவரொட்டியைக் கிழித்தான் என்பதற்காக, அவன் கும்பிடுகிற சாமியைக் கும்பிடும் வேறொருவனின் தையல் கடை எரிகிறது. உங்கள் ஊரில் இரவில் கல் விழுந்தால், எறிந்தவனைப் பிடிக்கலாம், தடுக்கலாம், கதவை உடைத்து உள்ளே வந்தால் அடிக்கவும் செய்யலாம். விடிந்த பிறகு அவன் தெருவுக்கு ஆள் திரட்டிப் போகச் சட்டத்திலும் இடமில்லை, இந்தக் கொள்கையிலும் இடமில்லை. டால்ஸ்டாயின் வழியில் போய் முதல் கல்லுக்கும் கை கட்டி நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் குழந்தைகள் இருக்கும்போது அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.